எந்த கியரில் இருக்கிறீர்கள்?

மோட்டார் சைக்கிள் முகப்பில் ஒளிரும் ஒற்றை எண். பழைய ஓட்டிகளுக்கு அது கேலிப் பொருள். புதியவர்களுக்கு அத்தியாவசியம். இல்லாத வண்டியில் செலவு செய்து பொருத்தத்தான் வேண்டுமா?

மணாலியிலிருந்து ரோஹ்தாங் கணவாய்க்கு ஏறும் சாலை. டெல்லியிலிருந்து வந்த இளைஞர் ஒருவர் நாள் வாடகைக்கு எடுத்த மோட்டார் சைக்கிளில் ஏறிக்கொண்டிருக்கிறார். பின்னால் நண்பர். அவர் முதுகில் கனமான பை. முன்னால் ஒரு டூரிஸ்ட் டாக்சி மூச்சு வாங்கியபடி ஊர்கிறது. ஊசி முனை வளைவு வருகிறது. கிளட்ச்சைப் பிடித்து கியரைக் குறைக்கிறார். இரண்டாம் கியரில் இருப்பதாக நினைத்து ஆக்சிலரேட்டரை முறுக்குகிறார். உண்மையில் வண்டி இருப்பது மூன்றாம் கியரில். என்ஜின் இரண்டு முறை திணறிவிட்டு அணைந்துபோகிறது. வண்டி பின்னோக்கி உருளத் தொடங்குகிறது. பின்னால் வரும் ஜீப்பின் ஹாரன் மலையெங்கும் எதிரொலிக்கிறது.

கால்களை ஊன்றி, முன் பிரேக்கை இறுக்கி, எப்படியோ சமாளித்துவிடுகிறார். பெரும்பாலோர் சமாளித்துவிடுகிறார்கள். ஆனால் ஒரு பக்கம் பாறையும் மறுபக்கம் பள்ளமும் உள்ள சாலையில் ஒருவர் செய்ய விரும்பும் சோதனை அல்ல இது. ரோஹ்தாங் 3,978 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் சுமார் 60 சதவீதம்தான். என்ஜினும் மூச்சுத் திணறும். சமவெளியில் மூன்றாம் கியரில் முனகிக்கொண்டாவது ஏறிவிடும் வண்டி, இங்கே இரண்டாம் கியரைக் கேட்கிறது. ஒரு கியர் வித்தியாசம் பெரிய வித்தியாசம்.

அந்த இளைஞர் ஊர் திரும்பியதும் செய்யக்கூடிய முதல் காரியம், தன் சொந்த வண்டிக்கு கியர் காட்டி ஒன்றைப் பொருத்துவது பற்றி விசாரிப்பதுதான். டெல்லி கரோல் பாகில் நாயிவாலா சந்துகளில் பைக் உதிரிப் பாகங்களும் அலங்காரப் பொருள்களும் விற்கும் கடைகள் வரிசையாக உண்டு. தீப்பெட்டி அளவுக்கும் சிறிய பெட்டி. அதில் சிவப்பாகவோ நீலமாகவோ ஒளிரும் ஓர் எண். விலை சில நூறு ரூபாயிலிருந்து பல ஆயிரம் வரை. இணையத்தில் தேடினால் இன்னும் நூறு வகை. வாங்கலாமா, வேண்டாமா? கேள்வி சிறியது. ஆனால் அதை ஒட்டி பைக் ஓட்டிகள் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கிறார்கள்.

காது இருக்கக் கண் எதற்கு?

முதல் கட்சி பழைய தலைமுறை. ஒர்க் ஷாப்பில் எண்ணெய்க் கையோடு நிற்கும் மூத்த மெக்கானிக் எவரிடமாவது கியர் காட்டி பற்றிக் கேட்டுப் பாருங்கள். சிரிப்புதான் முதல் பதில். வண்டி தானே சொல்லுமே என்பது அவர்கள் வாதம். கியர் அதிகமாக இருந்தால் என்ஜின் இடிக்கும், செயின் கடகடக்கும். குறைவாக இருந்தால் கத்தும். காதும் தொடையும் பாதமும் சொல்வதற்கு மேல் ஓர் எண் என்ன சொல்லிவிடப் போகிறது?

இந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தத் தலைமுறை மறந்துவிட்ட ஒரு விஷயமும் இருக்கிறது. அவர்களில் பலர் ஓட்டக் கற்றுக்கொண்ட வாகனத்திலேயே கியர் காட்டி இருந்தது. பஜாஜ் சேத்தக் போன்ற ஸ்கூட்டர்களில் கியர் மாற்றுவது இடது கைப்பிடியைத் திருகித்தான். அந்தக் கைப்பிடியிலேயே கியர் எண்கள் பொறிக்கப்பட்டிருந்தன. எந்த எண் கோட்டுக்கு நேராக நிற்கிறதோ, அதுதான் கியர். மின்சாரம் வேண்டாம், வயர் வேண்டாம். குனிந்துகூடப் பார்க்க வேண்டாம். மணிக்கட்டு எவ்வளவு திரும்பியிருக்கிறது என்பதே போதும். குடும்பம் முழுவதையும் ஏற்றிக்கொண்டு கடைவீதிக்குப் போன தந்தைக்கு எந்த கியரில் இருக்கிறோம் என்ற சந்தேகம் வந்ததில்லை.

சிக்கல் தொடங்கியது கியர் கையிலிருந்து காலுக்கு இறங்கியபோது. மோட்டார் சைக்கிளின் கால் லீவர் ஒவ்வொரு முறை மிதித்த பிறகும் பழைய இடத்துக்கே திரும்பிவிடும். அதைப் பார்த்து எதையும் தெரிந்துகொள்ள முடியாது. எத்தனை முறை மிதித்தோம் என்பதை ஓட்டுபவர்தான் மனதில் வைத்திருக்க வேண்டும். போதாக்குறைக்கு, வண்டிக்கு வண்டி முறையும் மாறியது. சென்னை திருவொற்றியூரில் 1955 முதல் உருவான ராயல் என்ஃபீல்டு புல்லட்டின் பழைய மாடல்களில் கியர் லீவர் வலது காலில். முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே. 1994-ல் வந்து நாட்டின் சாலைகளை நிறைத்த ஹீரோ ஹோண்டா ஸ்பிளெண்டரில் லீவர் இடது காலில். நான்கு கியர்களும் முன்பக்கம் கீழே மிதிப்பவை. 2001-ல் வந்த பல்சரில் முதல் கியர் கீழே, மற்றவை மேலே. தாத்தா, அப்பா, மகன் மூவரின் வண்டிகளும் ஒரே வாசலில் நின்றால், அவற்றை மாற்றி மாற்றி ஓட்டுபவரின் கால் குழம்புவதில் ஆச்சரியமில்லை.

இத்தனைக்கும் தயாரிப்பாளர்கள் தந்த ஒரே உதவி பச்சை நிற நியூட்ரல் விளக்கு. பழைய புல்லட்டில் அதற்குப் பதில் இன்னொரு தந்திரம் இருந்தது. குதிகாலால் அழுத்தும் தனி லீவர் ஒன்று. இரண்டு, மூன்று, நான்கு என எந்த கியரில் இருந்தாலும் ஒரே மிதியில் நியூட்ரலுக்குக் கொண்டுவந்துவிடும். எந்த கியரில் இருக்கிறோம் என்று தெரிய வேண்டிய அவசியத்தையே அது பாதியாகக் குறைத்தது. புல்லட் பக்தர்கள் இன்றும் அதைச் சொல்லி உருகுகிறார்கள்.

எண் முளைத்த கதை

எண் காட்டும் கருவி புதிதல்ல. 1970-களிலேயே சுசூகியின் பெரிய பைக்குகளில் முகப்பில் கியர் எண் ஒளிர்ந்தது. இந்தியாவில் அது பரவலாகத் தெரியத் தொடங்கியது வெகு காலம் கழித்துத்தான். ஆறு கியர்களோடு 2008-09 வாக்கில் வந்த சுசூகி ஜி.எஸ். 150 ஆர் அதைக் காட்டியது. 2012-ல் வந்த கே.டி.எம். 200 டியூக், 2014-ல் வந்த சுசூகி ஜிக்ஸர் என்று பட்டியல் நீண்டது. அப்போதெல்லாம் அது ஒரு கவர்ச்சி. கல்லூரி வாசலில் நண்பர்களுக்குக் காட்டிப் பெருமைப்பட ஒரு விஷயம்.

2020 ஏப்ரல் 1-ல் பாரத் ஸ்டேஜ் 6 புகை விதிகள் நாடு முழுவதும் அமலுக்கு வந்தபோது நிலைமை மாறியது. கார்புரேட்டர் போய் எரிபொருளைப் பீய்ச்சும் மின்னணு முறை வந்தது. வண்டிக்குள் ஒரு சிறு கம்ப்யூட்டர் உட்கார்ந்துகொண்டது. என்ஜின் வேகம், காற்றின் வெப்பம், ஆக்சிலரேட்டர் திறப்பு என்று எல்லாவற்றையும் அளந்துகொண்டிருக்கும் கருவிக்கு, கியர் எண்ணையும் காட்டச் சொல்வது பெரிய வேலையல்ல. பழமையையே விற்பனைச் சரக்காக வைத்திருக்கும் ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 கூட 2024-ல் கியர் எண்ணுக்கு இடம் கொடுத்துவிட்டது. வட்ட முள் மீட்டருக்குக் கீழே சின்னத் திரையில் ஓர் எண். தூய்மைவாதிகள் முகம் சுளித்தார்கள். சிக்னலில் நிற்கும்போது அவர்களும் ஒருமுறை அதைப் பார்த்துக்கொள்ளாமல் இருக்க மாட்டார்கள்.

தெரிந்து சொல்வதும் கணக்குப் போட்டுச் சொல்வதும்

வாங்கலாமா என்ற கேள்விக்கு விடை சொல்வதற்கு முன், வண்டிக்கு எந்த கியர் என்று எப்படித் தெரிகிறது என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். கடைக்காரர்கள் பெரும்பாலும் சொல்லாத விஷயம் இது. இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழி நேரடியானது. கியர் பெட்டிக்குள் உருளை போன்ற பாகம் ஒன்று இருக்கிறது. நீங்கள் லீவரை மிதிக்கும் ஒவ்வொரு முறையும் அது ஒரு படி திரும்புகிறது. அதன் பக்கவாட்டிலுள்ள பள்ளங்கள் கவட்டைகளைத் தள்ளி, உரிய பல்சக்கரங்களைச் சேர்க்கின்றன. அந்த உருளை எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பதைப் பார்க்க ஒரு சென்சாரை வைத்துவிட்டால், கியர் தெரிந்துவிடும். பச்சை நியூட்ரல் விளக்கு எரிவதும் இப்படித்தான். அங்கே ஒரே ஒரு தொடுமுனை, இங்கே கியருக்கு ஒன்று. வண்டி ஓடினாலும் நின்றாலும், கிளட்ச் பிடித்திருந்தாலும் விட்டிருந்தாலும், இந்த முறையில் எண் சரியாகவே இருக்கும்.

இரண்டாவது வழி கணக்கு. ஒவ்வொரு கியருக்கும் என்ஜின் சுழற்சிக்கும் சக்கரச் சுழற்சிக்கும் ஒரு நிலையான விகிதம் உண்டு. ஒரு 150 சி.சி. பைக்கில் பின்சக்கரம் ஒரு சுற்று சுற்ற முதல் கியரில் என்ஜின் 25 சுற்றுக்கு மேல் சுற்ற வேண்டியிருக்கும் என்றால், ஐந்தாம் கியரில் 9 அல்லது 10 போதும். என்ஜின் வேகத்தையும் சக்கர வேகத்தையும் கருவிக்குக் கொடுத்தால், அது வகுத்துப் பார்த்து கியரைச் சொல்லிவிடும். சென்சார் இல்லாத வண்டிகளுக்காகக் கடையில் கிடைக்கும் கருவிகள் பலவும் இந்த வகை. பொருத்தியதும் ஒவ்வொரு கியரிலும் சிறிது தூரம் ஓட்டி அதற்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். பின்னால் செயின் ஸ்ப்ராக்கெட்டை வேறு பல் எண்ணிக்கைக்கு மாற்றினால், மறுபடியும் கற்றுக்கொடுக்க வேண்டும்.

இந்தக் கணக்குக் கருவிக்கு ஒரு பெரிய பலவீனம். கிளட்ச்சைப் பிடித்ததும் என்ஜினுக்கும் சக்கரத்துக்கும் உள்ள உறவு அறுந்துவிடுகிறது. கணக்கும் அறுந்துவிடுகிறது. திரையில் எண்ணுக்குப் பதில் ஒரு கோடு தெரியும், அல்லது எதுவுமே தெரியாது. சிக்னலில் நிற்கும்போது சக்கரம் சுற்றுவதில்லை. அப்போதும் அதே கதைதான். நேர்ச் சாலையில் நான்காம் கியரில் போகும்போது அது தெளிவாக 4 என்று காட்டும். அப்போது அந்த எண் யாருக்கும் தேவையில்லை. ரோஹ்தாங் வளைவில் கிளட்ச்சைப் பிடித்தபடி இரண்டா, மூன்றா என்று இளைஞர் தவித்த அந்த ஒரு நொடியில், அதனிடம் பதில் இருக்காது. தேவைப்படும் நேரத்தில் மௌனமாகிவிடும் ஆலோசகர் அது.

இதற்கு இடைப்பட்ட வகையும் உண்டு. மின்னணு எரிபொருள் முறை வந்த சில வண்டிகளில், முகப்பில் எண் காட்டாவிட்டாலும் கியர் பெட்டியில் சென்சார் இருக்கிறது. கம்ப்யூட்டர் தன் சொந்தத் தேவைக்கு அதைப் பயன்படுத்துகிறது. பழுது பார்க்கும் இணைப்பின் வழியாக அந்தத் தகவலை எடுத்துக் காட்டும் கருவிகள் கிடைக்கின்றன. வயரை வெட்டாமல் செருகினாலே போதும். உங்கள் வண்டி அந்த வகை என்றால் காட்டும் எண்ணை நம்பலாம். மிக மலிவாக விற்கும் சிறு பெட்டிகளில் பலவற்றுக்கோ கியர் பெட்டியிலிருந்து கியருக்கு ஒரு வயர் வர வேண்டும். நியூட்ரல் வயர் மட்டுமே உள்ள வண்டியில் அவை வெறும் அலங்காரம். வாங்கிய பிறகே இது தெரியவருகிறது என்பதுதான் சோகம்.

கேட்க முடியாதவர்கள்

காது இருக்கக் கண் எதற்கு என்ற வாதத்துக்கு வருவோம். அந்த வாதம் ஒன்றை மறைமுகமாக எடுத்துக்கொள்கிறது: எல்லோருக்கும் கேட்கும் என்று.

காது கேளாதவர்களுக்கு ஓட்டுநர் உரிமம் தருவதா என்பது இந்தியாவில் நீண்ட காலம் மறுக்கப்பட்டே வந்த உரிமை. ஹாரன் கேட்காதவர் எப்படி வண்டி ஓட்டுவார் என்று அதிகாரிகள் கேட்டார்கள். தேசிய காது கேளாதோர் சங்கம் தொடுத்த வழக்கில் 2011 பிப்ரவரியில் டெல்லி உயர் நீதிமன்றம் கதவைத் திறந்தது. காது கேளாதவர் என்ற ஒரே காரணத்துக்காக விண்ணப்பத்தைத் தள்ளிவிடாமல் தேர்வுக்கு அனுமதிக்க வேண்டும். தேறினால் உரிமம் தர வேண்டும் என்பதே அதன் சாரம். இன்று பெருநகரங்களில் உணவுப் பொட்டலங்களை வீடு வீடாகக் கொண்டு சேர்ப்பவர்களில் காது கேளாத இளைஞர்களும் இருக்கிறார்கள். அவர்கள் பாதத்தின் அதிர்விலும் கைப்பிடியின் நடுக்கத்திலும் என்ஜினைப் படிக்கிறார்கள். கண்ணாடியை மற்றவர்களைவிட அதிகம் பார்க்கிறார்கள். அவர்களுக்கு அந்த எண் பந்தாப் பொருள் அல்ல. கேட்கும் ஒருவருக்கு என்ஜின் சத்தம் தரும் தகவலில் ஒரு பகுதியை அது கண்ணுக்கு மாற்றித் தருகிறது.

கேட்பவர்களுக்கும் இப்போது முன்போலக் கேட்பதில்லை. வண்டிகள் அமைதியாகிவிட்டன. முகம் முழுவதும் மூடும் ஹெல்மெட்டுக்குள் 80 கிலோமீட்டர் வேகத்தில் காற்றின் இரைச்சலே பிரதானம். நான்கு கியர் வண்டியில் பழகிய கால், ஆறு கியர் வண்டியில் இல்லாத ஏழாவது கியரைத் தேடி மிதிப்பதும், ஐந்தில் இருந்துகொண்டே ஆறில் இருப்பதாக நினைப்பதும் சகஜம்.

இன்னொரு கூட்டமும் இருக்கிறது. கியர் இல்லாத ஸ்கூட்டரில் ஓட்டக் கற்று வளர்ந்த தலைமுறை. கைனடிக் ஹோண்டா 1980-களில் தொடங்கிவைத்ததை இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆக்டிவா வீட்டுக்கு வீடு கொண்டுபோனது. முறுக்கினால் போகும், பிரேக் பிடித்தால் நிற்கும். அப்படிப் பழகியவர் இருபத்தைந்து வயதில் முதல் முறையாக கியர் வண்டியில் ஏறுகிறார். சட்டம் இரண்டையும் பிரித்தே பார்க்கிறது. கியர் இல்லாத வண்டிக்கான உரிமத்தை வைத்துக்கொண்டு கியர் வண்டி ஓட்ட முடியாது. ஆனால் தேர்வு மைதானத்தில் 8 போட்டுக் காட்டினால் வேலை முடிந்தது. அதற்கு முதல் கியரே போதும். ஏற்றத்தில் எப்போது குறைப்பது, இறக்கத்தில் என்ஜினையே பிரேக்காக எப்படிப் பயன்படுத்துவது என்று யாரும் கேட்பதில்லை. அதைச் சாலைதான் கற்றுக்கொடுக்கிறது. சாலை கண்டிப்பான வாத்தியார்.

இந்தப் புதியவர்களுக்கு முதல் சில மாதங்கள் அந்த எண் உண்மையிலேயே உதவும். 3 என்று தெரிகிறது. என்ஜின் இப்படிச் சத்தம் போடுகிறது. வண்டி இந்த வேகத்தில் போகிறது. மூன்றையும் சேர்த்துப் பார்க்கப் பார்க்க, காது பழகிவிடும். அதன் பிறகு கண் தானாகவே எண்ணைப் பார்ப்பதை நிறுத்திவிடும். நல்ல துணைவாத்தியார் அப்படித்தான் இருக்க வேண்டும்.

எண் சொல்லாத விஷயம்

ஆனாலும் அந்த எண்ணுக்கு ஓர் எல்லை உண்டு. எந்த கியரில் இருக்கிறீர்கள் என்றுதான் அது சொல்லும். எந்த கியரில் இருக்க வேண்டும் என்று சொல்லாது. இரண்டும் வேறு வேறு. ஐரோப்பிய யூனியன் புதிய கார்களுக்கு 2012-க்குப் பிறகு கட்டாயமாக்கியது இரண்டாவது வகையை. கையால் கியர் மாற்றும் கார்களில், எரிபொருளை மிச்சப்படுத்த இப்போது கியரை மாற்றுங்கள் என்று அறிவுறுத்தும் விளக்கு அது. ஓட்டுபவருக்குக் குறைவாக இருப்பது தகவல் அல்ல, தீர்ப்பு என்று அந்த விதியை எழுதியவர்கள் நினைத்திருக்க வேண்டும்.

நம் சாலைகளில் நடக்கும் தவறுகளும் அப்படிப்பட்டவைதான். பெட்ரோல் மிச்சம் என்று நினைத்து 25 கிலோமீட்டர் வேகத்தில் டாப் கியரில் இடித்துக்கொண்டே போகிறவருக்குத் தான் எந்த கியரில் இருக்கிறோம் என்பது நன்றாகவே தெரியும். மலை இறக்கத்தில் என்ஜினை அணைத்து நியூட்ரலில் உருட்டுபவருக்கும் தெரியும். என்ஜினின் பிடி இல்லாமல் முழு பாரமும் பிரேக்கில் விழுகிறது என்பதுதான் தெரியாது. எண் இவர்களைத் திருத்தாது.

பார்ப்பதற்கும் ஒரு விலை உண்டு. 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் கிட்டத்தட்ட 17 மீட்டர் கடந்துவிடும். அந்த நொடியில் கண் மீட்டரில் இருந்தால், சாலையில் இல்லை. நெடுஞ்சாலையில் லாரியை முந்தும் நேரத்தில் எண்ணைத் தேடிக் குனிவது, கியர் தெரியாமல் இருப்பதைவிட ஆபத்து. வெயிலில் ஒளி மங்கித் தெரியும் மலிவுக் கருவி என்றால் இன்னும் இரண்டு நொடி போகும்.

ஆயிரம் ரூபாய் இருந்தால்

பணம் எங்கே போக வேண்டும் என்பதுதான் கடைசியில் கேள்வி. 2022-ல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை. அவர்களில் 44.5 சதவீதம் பேர் இரு சக்கர வாகனங்களில் சென்றவர்கள். அதே ஆண்டில் ஹெல்மெட் அணியாமல் இறந்தவர்கள் மட்டும் சுமார் 50,000. அவர்களில் 14,000-க்கும் மேற்பட்டோர் பின்னால் உட்கார்ந்து சென்றவர்கள். தவறான கியரால் இறந்தவர்கள் என்று அந்த அறிக்கையில் தனிப் பட்டியல் இல்லை.

ஆகவே கரோல் பாக் கடையில் பர்ஸைத் திறப்பதற்கு முன் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத ஹெல்மெட்டுகளை விற்கவே 2021 ஜூன் முதல் தடை இருக்கிறது; உங்கள் தலையில் இருப்பதில் அந்த முத்திரை உண்டா? பின்னால் உட்காருபவருக்கு ஒன்று இருக்கிறதா? டயரின் பூ தேய்ந்துவிட்டதா? செயின் தொங்குகிறதா? கிளட்ச் கேபிளில் விளையாட்டு சரியாக இருக்கிறதா? கியர் சரியாக விழவில்லை, நியூட்ரல் கிடைக்கவில்லை என்று வரும் புகார்களில் கணிசமானவை இந்தக் கடைசிக் கேள்வியில் முடிபவை. கேபிளைச் சரிசெய்ய மெக்கானிக் கேட்பது ஒரு டீக்காசு. எந்த கியர் என்று தெரியாத குழப்பம் என்று பலர் நினைப்பது, முழுதாக விடுபடாத கிளட்ச்சால் பாதி வழியில் நின்றுபோன கியராகவும் இருக்கலாம்.

பொருத்துவதிலும் கவனம் வேண்டும். நடைபாதையில் உட்கார்ந்து பத்து நிமிடத்தில் வயரை வெட்டி, முறுக்கி, டேப் சுற்றிக் கொடுப்பவர் அன்று மாலைக்குள் மறந்துவிடுவார். முதல் மழையில் அந்த முடிச்சுக்குள் தண்ணீர் இறங்கும். ஃபியூஸ் போனால் அதிர்ஷ்டம். இரவு நெடுஞ்சாலையில் ஹெட்லைட்டும் என்ஜினும் சேர்ந்து அணைந்தால் துரதிர்ஷ்டம். உத்தரவாதக் காலத்தில் உள்ள வண்டியில் வயரில் கைவைத்தால், மின்சாரப் பழுதுக்கு உத்தரவாதம் கிடையாது என்று கம்பெனி கைவிரிக்க வாய்ப்பு அதிகம். செருகினால் போதும், வெட்ட வேண்டாம் என்ற வகைக் கருவி உங்கள் மாடலுக்கு இல்லை என்றால், திரும்பி வந்துவிடுவது நல்லது.

அப்படியானால் தீர்ப்பு? புதிய வண்டி வாங்குகிறீர்கள், அதில் எண் இருக்கிறது என்றால் சந்தோஷமாக ஏற்றுக்கொள்ளுங்கள். கியர் பெட்டியைப் பார்த்தே சொல்லும் எண் பொய் சொல்வதில்லை. காது கேளாதவர், புதிதாகக் கற்பவர், வேலை நிமித்தம் தினம் ஒரு வண்டியை ஓட்ட வேண்டியவர் ஆகிய மூவரும் வண்டியைத் தேர்ந்தெடுக்கும்போதே அதைக் கேட்டு வாங்க வேண்டும். வண்டிகளை வாடகைக்கு விடுபவர்களும், தெரியாத மலையில் தெரியாத வண்டியை ஓட்டப் போகிறவரை நினைத்து, எண் காட்டும் மாடல்களையே வாங்கி நிறுத்தினால் புண்ணியம். ஏற்கெனவே ஐந்து வருடமாக ஓட்டிப் பழகிய வண்டியில், கணக்குப் போட்டுச் சொல்லும் கருவியை வயரை வெட்டிப் பொருத்துவது மட்டும் வீண் செலவு.

மின்சார வண்டிகள் பெருகிவரும் வேகத்தைப் பார்த்தால் இந்த விவாதமே ஒரு நாள் பழங்கதையாகிவிடும். அவற்றில் பெரும்பாலானவற்றில் கிளட்ச்சும் இல்லை, கியரும் இல்லை. ஆனால் நாட்டில் இன்னும் கோடிக்கணக்கான கால்கள் கியர் லீவரைத் தேடிக்கொண்டிருக்கின்றன. ரோஹ்தாங் ஏறப்போகும் அடுத்த இளைஞருக்கு மணாலியின் வாடகைக் கடைக்காரர் சாவியைக் கொடுக்கும்போது, கடை வாசலில் பத்து நிமிடம் மேலும் கீழும் கியர் மாற்றி ஓட்டிப் பார்க்கச் சொன்னால் போதும். அதற்குப் பணம் செலவில்லை. வளைவுக்கு முன்பே குறைத்துவிடு, வளைவில் குறைக்காதே என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொன்னால் இன்னும் நல்லது.